பெருவழியும் பாழூரும் நடுகல்லும்: ஓசூர், கிருட்டிணகிரி எல்லைநில வரலாறு

தோற்றுவாய்

நாட்டெல்லை என்றவுடன் நம் நினைவிற்கு வருவது நிலப்படத்தில் வரையப்பெற்ற ஒரு கோடே ஆகும். அக்கோட்டிற்கு இப்பால் ஒரு மொழி, அப்பால் பிறிதொரு மொழி என்று கருதும் பழக்கமும் நம்மிடையே வேரூன்றி விட்டது. மொழிவழி மாநிலங்கள் அமைந்த 1956 நவம்பர் முதல் நாளுக்குப் பின்னர் இப்பழக்கம் மேலும் வலுப்பெற்றது. அவ்வாண்டில் கோவை மாவட்டத்தின் கொள்ளேகால் வட்டம் மைசூர் மாநிலத்தைச் சார்ந்தது. ஓசூர் வட்டமோ சென்னை மாநிலத்திலேயே நின்றது. எனினும் ஓசூர்ச் சந்தைக்குச் செல்வோர் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே கடையில் ஒலிக்கக் கேட்பர். நிலப்படத்துக் கோடு வாழ்க்கையைப் பிளக்கவில்லை என்பது இதனாற் போதரும்.

தொல்காப்பியச் சிறப்புப்பாயிரம் தமிழகத்தின் வடவெல்லையாக வேங்கடத்தையும் தென்னெல்லையாகக் குமரியையும் பெயர் சுட்டிக் கூறுகின்றது. கிழக்கிலும் மேற்கிலும் கடல் எல்லையாதல் வெளிப்படை என்று உரையாசிரியர் விளக்குவர். ஆயின் வேங்கடத்திற்கும் மேலைக் கடலுக்கும் இடைப்பட்ட நெடுநிலத்தில் எல்லை எவ்வாறு சென்றது? மலையும் காடும் கணவாயும் செறிந்த அவ்விடைநிலத்தின் ஒரு பகுதியே இன்றைய ஓசூர், கிருட்டிணகிரி வட்டாரமாகும். இதன் வரலாற்றைப் பேரரசுகளின் மெய்க்கீர்த்திகளைக் கொண்டு மட்டும் எழுதப் புகுந்தால், இன்ன ஆண்டில் இன்னவர் வென்றனர் என்னும் பட்டியலே எஞ்சும். மக்கள் சென்ற வழிகள், அவர்கள் விட்டு நீங்கிய ஊர்கள், அவர்கள் இறந்தோரை அடக்கிய இடங்கள் ஆகிய மூன்றையும் ஒருங்கு வைத்து ஆராய்ந்தால் எல்லைநில வாழ்வின் உண்மை உருவம் தோன்றும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

நிலத்தின் அமைப்பு

முதற்கண் நிலத்தை உணர்தல் வேண்டும். ஓசூர் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் மைசூர்ப் பீடநிலத்தின் விளிம்பில் உள்ளது. கிருட்டிணகிரியோ ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில், மலைகளாற் சூழப்பெற்ற தாழ்நிலத்தில் இருக்கின்றது. மேல்நிலம் 'பாலாகாட்' என்றும், இடைநிலம் 'பாராமகால்' என்றும் பதினெட்டாம் நூற்றாண்டு ஆவணங்களில் வழங்கின. பாராமகால் என்பது பன்னிரண்டு கோட்டைகள் அல்லது மாளிகைகளைக் குறித்த பெயர் என்பர். அப்பன்னிரண்டும் எவை என்பதில் பட்டியல்கள் ஒத்துச் செல்லவில்லை. எனினும் குன்றுதோறும் கோட்டை இருந்தமையை இன்றும் கண்ணாற் காணலாம்.

நந்திமலையில் தோன்றும் தென்பெண்ணை மேல்நிலத்தினின்று இறங்கி இவ்வட்டாரத்தின் வழியே கீழ்நாட்டிற்குச் செல்கின்றது. ஆறு இறங்கிய திசையிலேயே மக்களும் இறங்கினர், படைகளும் இறங்கின. மேல்நிலம், இடைநிலம், கீழ்நிலம் ஆகிய மூன்று படிகளை இணைக்கும் படிக்கட்டாக இவ்வட்டாரம் விளங்கிற்று எனலாம். படிக்கட்டில் வீடு கட்டி நிலையாக வாழ்தல் அரிது. ஆயினும் வீட்டில் நிகழ்வன அனைத்தும் அதன் வழியாகவே நிகழும்.

வழிகள்

பழந்தமிழ்ச் செய்யுட்களில் வழியைக் குறிக்கும் சொற்கள் பலவாகும். அதர், ஆறு, கவலை, சுரம், நெறி என்பன ஒவ்வொன்றும் வெவ்வேறு பொருட்சாயல் உடையன. இவற்றுள் கவலை என்பது வழி பலவாகக் கிளைக்கும் இடத்தைக் குறிக்கும். எவ்வழி செல்வதென்று அறியாது மனம் கலங்கும் நிலையையும் அச்சொல்லே குறித்தது நோக்கத்தக்கது. ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையே வழிகாட்டலை அடிப்படையாகக் கொண்டது. இவ்வட்டாரத்தை அடுத்துள்ள செங்கண்மாவை ஆண்ட நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம், கூத்தர் செல்லவேண்டிய மலைவழியின் இடர்களையும் அவ்வழியில் நிற்கும் நடுகற்களையும் கூறுகின்றது. அந்நடுகற்கள் வழிச்செல்வோர் கண்டு வணங்குதற்கு உரியனவாக இருந்தன என்பது தெளிவு. எனவே வழியும் நடுகல்லும் தொடர்புடையன என்னும் உண்மையை அந்நூலே நமக்கு உணர்த்துகின்றது.

இலக்கியச் சான்றிற்குக் கல்வெட்டுச் சான்றும் துணைநிற்கின்றது. தருமபுரி மாவட்டத்தில் கண்டெடுக்கப்பெற்ற, 13 ஆம் நூற்றாண்டினவாகக் கருதப்படும் இரண்டு காதக் கற்கள் 'அதியமான் பெருவழி' என்று ஒரு வழியைப் பெயர் சுட்டிக் கூறுகின்றன. நாவற்றாவளம் என்னும் இடத்திற்கு 27 காதம் என ஒரு கல்லும், 29 காதம் என மற்றொரு கல்லும் தொலைவைத் தெரிவிக்கின்றன. எழுத்தோடு நில்லாமல், பத்தினைப் பெரிய குழியாலும் ஒன்றினைச் சிறிய குழியாலும் காட்டியிருப்பது இவற்றின் சிறப்பாகும். எழுத்தறியாத வணிக மாக்களும், வேற்று மொழி பேசுநரும் குழிகளை எண்ணித் தொலைவை அறிந்திருப்பர். தமிழ் படிக்கத் தெரியாதவர் பலர் அவ்வழியே சென்றனர் என்பதை அக்குழிகள் சொல்லாமற் சொல்லுகின்றன. எல்லைநிலத்துப் பெருவழிக்கு இதனினும் தக்க சான்று வேறில்லை.

மேலும் 'தாவளம்' என்னும் சொல் தங்குமிடத்தையும் வணிகர் கூடும் இடத்தையும் குறிப்பது. ஆதலின் அப்பெருவழி கோயிலையோ தலைநகரையோ இலக்காகக் கொள்ளாமல் வணிகர் தங்கிடத்தை நோக்கி அளக்கப்பட்டது என்பது பெறப்படும். வழிக்கு அதியமான் பெயர் நின்றமையும் கருதற்பாலது. தகடூரைச் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை வென்ற செய்தியைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து கூறும். அப்போரைப் பற்றிய தகடூர் யாத்திரை என்னும் நூல் முழுமையாகக் கிடைக்காமற் போயிற்று; சில செய்யுட்களே புறத்திரட்டு வாயிலாக எஞ்சின. நூல் மறைந்தும் வழியின் பெயரில் குடிப்பெயர் பன்னூறு ஆண்டு நின்றது.

பிற்காலத்துப் படைகளும் இத்தகைய வழிகளையே பின்பற்றின. முதல் மைசூர்ப் போரில், 1767 செப்டம்பரில், ஐதர் அலியின் படையும் ஆங்கிலக் கம்பெனிப் படையும் செங்கம் கணவாயருகே பொருதன. கிருட்டிணகிரிக் கோட்டை 1768 இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. பின்னர் மீண்டும் மைசூரைச் சார்ந்தது. மூன்றாம் மைசூர்ப் போரில் ஓசூரும் இராயக்கோட்டையும் 1791 சூலையில் கம்பெனியார் கைப்பட்டன. அவ்வாண்டு நவம்பரில் கிருட்டிணகிரியைத் தாக்கிய மாக்சுவெல் பேட்டையைப் பிடித்தும் மலைக்கோட்டையைப் பிடிக்க இயலாது பின்வாங்கினார். 1792 ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டின உடன்படிக்கையால் பாராமகால் கம்பெனிக்கு உரியதாயிற்று. ஓசூரை உள்ளிட்ட மேல்நிலம் திப்பு சுல்தான் வீழ்ந்த 1799 இலேதான் வந்து சேர்ந்தது. ஏழாண்டுக் காலம் எல்லை ஓசூருக்கும் கிருட்டிணகிரிக்கும் இடையே, மலைச்சரிவின் மீது கிடந்தது என்பது இதனால் விளங்கும். இன்று ஒரே மாவட்டமாக உள்ள இவ்விரு பகுதிகளும் அன்று இரு நாடுகளாக இருந்தன.

அண்மைக் காலத்தில் மறைந்த வழி ஒன்றும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. பஞ்ச காலத்தில் மக்களுக்கு உணவு கொண்டு சேர்க்கும் நோக்குடன் இரு குறுகிய இருப்புப்பாதைகள் இவ்வட்டாரத்தில் அமைந்தன. திருப்பத்தூர், கிருட்டிணகிரிப் பாதை 1905 இலும், மொரப்பூர், தருமபுரிப் பாதை 1906 இலும் திறக்கப்பட்டன. பின்னது 1913 இல் ஓசூர்வரை நீண்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்திற்குள் இரண்டும் மூடப்பட்டன. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும்பஞ்சத்தின் நினைவே அப்பாதைகளைத் தோற்றுவித்தது. மறைந்துபோன அவற்றின் மண்மேடுகளும் சிறு பாலங்களும், காணத் தெரிந்தோர்க்கு வரலாற்று ஏடுகளேயாகும்.

பாழூர்கள்

வழிகளின் ஓரத்தே ஊர்கள் தோன்றின. வழி மாறியபோது அவை பாழாயின. வருவாய்த்துறை ஆவணங்களில் குடியில்லாத ஊரைப் 'பேச்சிராக்' என்று குறிப்பது வழக்கம். இது பாரசீகச் சொல். 'விளக்கில்லாதது' என்பது அதன் பொருள். ஊரின் இறப்பை விளக்கின் அணைவாகக் கண்ட அச்சொல்லின் நயம் போற்றத்தக்கது. நிலவரிக் கணக்கில் எல்லையும் பெயரும் உண்டு. மாலையில் ஏற்றுவதற்கு விளக்கு மட்டும் இல்லை. நம் மாணவர் ஒருவர் எல்லைநில ஊர்களை ஆராயப் புகின், மக்கள் வாழும் ஊர்களின் பட்டியலோடு இவ்விளக்கில்லா ஊர்களின் பட்டியலையும் எடுத்துக்கொள்ளல் இன்றியமையாதது.

பாழூரைக் கண்டறிய மற்றொரு கருவியும் உண்டு. அஃது ஊர்ப்பெயராய்வு. ஓசூர் என்பது கன்னடத்தில் புதிய ஊர் எனப் பொருள்படும். இடைக்காலக் கல்வெட்டுகளில் அவ்வூர் செவிடபாடி என வழங்கிற்று. அது முரசு நாட்டைச் சார்ந்திருந்தது. சோழர் ஆட்சியில் இப்பகுதிகள் நிகரிலிசோழ மண்டலம் எனப் பெயர்பெற்றன. செவிடபாடி என்னும் பெயர் மறைந்து புதிய ஊர் என்னும் பெயர் நின்றது எதனைக் காட்டுகின்றது? பழைய குடியிருப்பு தளர்ந்தபின் புதுக்குடிகள் வந்தமர்ந்தனர் என்று கொள்ளுதற்கு இடமுண்டு. தமிழில் புத்தூர், கன்னடத்தில் ஓசூர், தெலுங்கில் கொத்தூர் என்பன ஒரே கருத்தின் மூன்று வடிவங்களாகும். புதுமையைக் கூறும் ஊர்ப்பெயரைக் கண்டால் அதன் அருகில் ஒரு பழமையைத் தேடுக என்பதை ஆய்வு நெறியாகக் கொள்ளலாம்.

இந்நெறிக்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு வேப்பனப்பள்ளிப் பகுதியிலுள்ள சின்னகொத்தூர் ஆகும். சின்னகொத்தூர் எனின் சிறிய புதிய ஊர் என்பது பொருள். இச்சிற்றூரை அடுத்தே போசள மன்னரின் தலைநகராயிருந்த குந்தாணி கிடக்கின்றது. போசள மன்னன் சோமேசுவரனுக்குப்பின் நாடு அவன் மக்கள் இருவர்க்கிடையே பிரிந்தது. மூன்றாம் நரசிம்மன் துவாரசமுத்திரத்தில் இருந்தான். இராமநாதன் திருவரங்கத்தை அடுத்த கண்ணனூரில் இருந்து தமிழ்ப்பகுதியை ஆண்டான். பாண்டியன் மாறவர்மன் குலசேகரனிடம் 1279 அளவில் கண்ணனூரை இழந்தபின் இராமநாதன் குந்தாணியைத் தலைமையிடமாகக் கொண்டான். 1295 அளவில் அவன் மறைந்தபின் அவன் மகன் விசுவநாதன் சில ஆண்டுகளே ஆண்டான். அதன்பின் மூன்றாம் வல்லாளன் இரு பகுதிகளையும் ஒன்றாக்கினான். ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலமே குந்தாணி தலைநகராய் விளங்கிற்று.

தென்னாட்டில் தோல்வியுற்ற மன்னன் தன் உடன்பிறந்தானுடைய நாட்டிற்குட் செல்லாமலும், தமிழ்நிலத்தை முற்றும் கைவிடாமலும் இவ்விடத்தைத் தேர்ந்தது ஏன்? நூல்களில் இதற்கு விடை தேடுவதினும் நிலப்படத்தில் தேடுவது எளிது. துவாரசமுத்திரத்தினின்று கீழ்நாட்டிற்கு இறங்குவோரும், திருவண்ணாமலைப் பக்கத்தினின்று மேல்நாட்டிற்கு ஏறுவோரும் இப்படிக்கட்டின் வழியே செல்லுதல் வேண்டும். படிக்கட்டில் அமர்ந்தவன் இரு பக்கத்தையும் நோக்கலாம். பிற்காலத்தே மூன்றாம் வல்லாளன் திருவண்ணாமலையைத் தன் இருக்கைகளுள் ஒன்றாகக் கொண்டமையும் இவ்வழியின் சிறப்பையே வலியுறுத்தும். தலைநகரின் தோற்றமும் மறைவும் வழியாலேயே விளக்கம் பெறுகின்றன.

பாராமகாலின் சகதேவி என்னும் ஊரும் இவ்வகையினதே. 1589 இல் பெனுகொண்டாவைக் காத்த போரில் சிறந்து விளங்கிய சகதேவராயர் விசயநகர வேந்தரிடமிருந்து பாராமகாலைப் பெற்றார் என்பது வரலாறு. அவர் பெயரோடு தொடர்புடைய சகதேவியில் இன்று கோட்டையின் எச்சங்களும் அமைதியான சிற்றூருமே உள்ளன. அரசிருக்கை சென்னபட்டணத்திற்கு மாறியபின் ஊரின் பெருமையும் உடன் சென்றுவிட்டது. ஓசூர்க் கோட்டையினுள் சேலம் மாவட்ட ஆட்சியராயிருந்த பிரெட் என்பார் 1860 அளவில் இங்கிலாந்தின் கெனில்வொர்த்து மாளிகையைப் போல ஒன்றை எழுப்பினார். அம்மாளிகையும் நூறாண்டு நிலைக்கவில்லை. குந்தாணி முதல் கெனில்வொர்த்து வரை, இந்நிலம் பெருமையை நெடிதுகாலம் தாங்கியதில்லை.

இறந்தோர் நினைவிடங்கள்

ஊர்கள் பாழாயினும் இறந்தோர் அடக்கிடங்கள் எஞ்சுகின்றன. இவ்வட்டாரத்தில் அவை நான்கு அடுக்குகளாக உள்ளன. முதலடுக்கு, பெருங்கற்காலத்துக் கற்திட்டை, கற்பதுக்கை, கல்வட்டம் ஆகியன. மல்லச்சந்திரத்துப் பாறைக்குன்றின் மீது கற்பலகைகளால் அமைந்த கற்திட்டைகள் மிகுதியாக உள்ளன. பலகையில் வட்டமாகத் துளையிட்டிருப்பது அவற்றுட் சிலவற்றின் இயல்பு. மக்கள் இத்தகையவற்றைப் பாண்டவர் வீடு என்றும் வாலியர் வீடு என்றும் வழங்குவர். இறந்தோர் இடத்தை வீடு என்றே மக்கள் அழைப்பது உளங்கொளத்தக்கது. பர்கூர்ப் பக்கத்து மயிலாடும்பாறையில் 2021 இல் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் நிகழ்த்திய அகழாய்வில் இரும்பின் பயன்பாடு கி.மு. 2172 வரை செல்வதாகக் காலக்கணிப்பு கிடைத்தது. இது 2022 இல் அறிவிக்கப்பட்டது. எல்லைநிலம் நாகரிகத்தின் கடைக்கோடி என்னும் எண்ணத்தை இது மாற்றிவிட்டது.

இரண்டாமடுக்கு நடுகற்கள். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து எனத் தொல்காப்பியம் கூறும் துறைகள் தமிழ் கற்றோர் அனைவரும் அறிந்தன. அதியமான் நெடுமான் அஞ்சி நடுகல்லாகிய காலத்து ஔவையார் வருந்திப் பாடிய புறநானூற்றுப் பாடலும் அறிந்ததே. செங்கம், தருமபுரிப் பகுதிகளின் நடுகற்கள் 1970களில் படித்து வெளியிடப்பெற்றபின் இலக்கியத்திற்கும் கல்லிற்கும் உள்ள உறவு ஐயமின்றி நிறுவப்பட்டது. வட்டெழுத்தில் அமைந்த அக்கற்களில் பெரும்பாலன ஆநிரை கவர்தலையும் மீட்டலையும் கூறுவன. எடுத்தனூர்க் கல், தலைவனொடு நின்று கள்வரைக் கடித்த கோவிவன் என்னும் நாயையும் நினைவுகூர்கின்றது.

இக்கற்களில் ஆநிரையைக் குறிக்கத் 'தொறு' என்னும் சொல் வருகின்றது. கன்னட வீரக்கற்களில் அதே பொருளில் 'துறு' வருகின்றது. தமிழில் தொறுக்கொளல், கன்னடத்தில் துறுகோள். அன்றியும் 'ஊரழிவு' என்னும் சொல் கன்னடக் கற்களிலும் ஏறக்குறைய அவ்வடிவிலேயே காணப்படுகின்றது. பெங்களூரையடுத்த பேகூரில் 9 ஆம் நூற்றாண்டின் கன்னட வீரக்கல் ஒன்று பெங்களூர்ப் போரைக் குறிப்பதும், தொம்மலூர்க் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருப்பதும் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கன. மொழி இரண்டாயினும் மாட்டின் மீதும் மறத்தின் மீதும் அமைந்த வாழ்வு ஒன்றே. எனவே நடுகல்லைத் தமிழர்க்கே உரிய சான்றாகக் கொண்டு பெருமிதம் அடைவதோடு நின்றுவிடும் ஆய்வு, சான்றின் ஒரு பாதியையே காண்பதாகும்.

மூன்றாமடுக்கு கோட்டைகளைச் சார்ந்தது. கிருட்டிணகிரிக் கோட்டைமலையை மக்கள் சையது பாஷா மலை என்பர்; அதன் மேல் தர்கா உள்ளது. கோட்டையின் அரசர் பெயர்களை மறந்த மக்கள் அங்கு அடங்கிய பெரியாரின் பெயரை மறவாது மலைக்கே இட்டனர். நான்காமடுக்கு ஐரோப்பியர் கல்லறைகள். கம்பெனிப் படைகள் தங்கிய ஊர்களில் இவை அமைந்தன. சென்னை மாகாணத்துக் கல்லறை எழுத்துகளைக் காட்டன் என்பார் தொகுத்து 1905 இல் வெளியிட்டார். கல்லறை எழுத்து பெயரையும் வயதையும் இறந்த நாளையும் கூறும். நம் நடுகல் அரசனின் ஆட்சியாண்டையும் ஊரையும் செயலையும் கூறும். முன்னது இறந்தவன் யார் எனக் கூற, பின்னது அவன் எதற்காக இறந்தான் எனக் கூறுகின்றது.

ஒரு பிழையும் அதனாற் பெற்ற பாடமும்

இவ்வாய்வில் எமக்கு நேர்ந்த பிழை ஒன்றை மறையாது கூறுதல் கடமையாகும். சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை மாணவர் சிலருடன் ஒரு சிற்றூரின் கேழ்வரகுக் கொல்லை ஓரத்தில் நடுகல் ஒன்றைக் கண்டோம். எண்ணெய்ப் பூச்சால் எழுத்துகள் மறைந்திருந்தன. இப்பகுதியில் நடுகற்களை வேடியப்பன் எனப் பெயரிட்டு வணங்குதல் பெருவழக்கு. விளக்கேற்ற வந்த மூதாட்டி ஒருவரிடம், "பாட்டி, சாமி ஏன் கோணலாக நிற்கின்றது?" என்று வினவினோம். "கோணல் இல்லை சாமி. மாடு ஓட்டிட்டுப் போன வழி அது. எங்கப்பன் அந்தப் பக்கந்தான் பாத்துட்டு நிக்கும்" என்றார் அவர். கல் நோக்கிய திசையில் மலையிடுக்கு ஒன்று தெரிந்தது.

அம்மொழியின் அருமையை அன்று யாம் உணர்ந்தோம் அல்லேம். கல்லின் காலத்தை மதிப்பிடுதலிலும் படம் எடுத்தலிலுமே கருத்தைச் செலுத்தினோம். ஊர்ப்பெரியோரிடம், இது மிகப் பழமையானது, போற்றிக் காக்க என்று கூறி வந்தோம். ஓராண்டு கழித்து மீளச் சென்றபோது அவர்கள் கூறியவாறே காத்திருந்தனர். புதிய சிறு கோயில் கட்டி, கல்லைப் பெயர்த்து, கிழக்கு நோக்கி நட்டுச் சிமிட்டியால் உறுதி செய்திருந்தனர். கல் காக்கப்பட்டது, அது காட்டிய வழி அழிந்தது. திசைமானியை எடுத்து ஓர் எண்ணைக் குறித்துக்கொள்ள அரை நிமிடம் போதும். அதனைச் செய்யாது விட்டவர் யாமே. மூதாட்டி கூறிய மலையிடுக்குத்தான் எது என்பதை இன்று உறுதியாக நிறுவ இயலவில்லை. நிகழ்ந்தது கண்டு அவர் எம்மைக் குறைகூறவில்லை. "இப்ப சாமிக்கு வழி தெரியலை" என்று மட்டும் கூறினார்.

இடம் பெயர்ந்த நடுகல், தொடரினின்று பிரிந்த சொல்லை ஒக்கும். சொல்லுக்கு அகராதிப் பொருள் உண்டு, தொடர்ப்பொருள் போய்விடும். கிருட்டிணகிரி அரசு அருங்காட்சியகம் 1993 இல் தோன்றியது முதல் பல கற்கள் அழிவினின்று காக்கப்பட்டுள்ளன, அப்பணி போற்றற்குரியது. எனினும் கல்லை எடுப்பதன் முன்னர் அஃது எவ்வழியின் ஓரத்தில், எத்திசை நோக்கி, எப்பாழூரின் அருகில் நின்றது என்பதை எழுதிவைத்தல் வேண்டும். அங்ஙனம் எழுதாத வழி, காத்தலும் ஒருவகை அழித்தலாகவே முடியும்.

இன்றைய நிலை

இக்கடமை இன்று விரைவுடையதாகின்றது. 1970கள் முதல் ஓசூர் பெருந்தொழில் நகராக வளர்ந்தது. சிப்காட் தொழிற்பேட்டையும், உந்துவண்டி, கடிகாரம், மின்னணுக் கருவிகள் ஆக்கும் ஆலைகளும் பல மாநில மக்களை ஈர்த்தன. 2004 பிப்ரவரியில் கிருட்டிணகிரி தனி மாவட்டமாயிற்று. 2019 இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. தொழிற்பேட்டைக்குச் சமன்செய்யப்படும் நிலத்தில் கல்வட்டம் இருப்பின், மண்பெயர்க்கும் பொறிக்கு அது வெறுங்கல்லே. இவ்வட்டாரத்தின் கருங்கல் உலகச் சந்தையில் விலைபோவது. முன்னோர் எப்பாறையைப் பலகையாகப் பிளந்து இறந்தோர்க்கு வீடமைத்தனரோ, அப்பாறையே இன்று மெருகிட்டு ஏற்றுமதியாகின்றது. இங்குச் சான்றும் சரக்கும் ஒரே பொருளாதலின் இழப்பு எளிதில் நிகழ்கின்றது.

தொழில் வளர்ச்சியைப் பழித்தல் எம் கருத்தன்று. வறட்சியும் பஞ்சமும் கண்ட நிலத்தில் வேலையும் ஊதியமும் வந்திருப்பது நன்றே. மேலும், வேற்றூர் மக்கள் வந்து குடியேறுதல் இந்நிலத்திற்குப் புதிதன்று. ஓசூர் என்னும் பெயரே அதற்குச் சான்று. கிருட்டிணகிரியில் இன்று கூடும் நெடுஞ்சாலைகளும் பழைய வழிகளின் மறுபிறப்பே. பெங்களூரினின்று ஓசூர் வழியாகச் சேலம் செல்லும் சாலை மேல்நிலத்தினின்று இறங்கும் பழைய நெறியைத் தழுவுகின்றது. ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, செங்கம் வழியாகத் திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலை, ஐதரின் படை இறங்கிய கணவாயின் வழியதே. வழி இறக்கவில்லை, அதன் ஓரத்தில் நின்ற சான்றுகளே இறந்துகொண்டிருக்கின்றன.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் சில முடிபுகள் பெறப்படும். ஓசூர், கிருட்டிணகிரி வட்டாரத்தில் எல்லை என்பது கோடு அன்று. மேல்நிலத்தையும் கீழ்நிலத்தையும் இணைக்கும் அகன்ற இடைநிலம். வழி அதன் நரம்பு. வழியின் மாற்றத்தாலேயே ஊர்கள் எழுந்தன, பாழாயின. நடுகல் அவ்வழியில் நிகழ்ந்ததன் சான்று. அதன் சொற்கள் தமிழுக்கும் கன்னடத்திற்கும் உறவுடையன. இம்மூன்றனுள் ஒன்றை மட்டும் கொண்டு எழுதும் வரலாறு குறையுடையதாகும். குந்தாணியின் சிறப்பை வழியே விளக்கிற்று. சின்னகொத்தூர் என்னும் பெயர் பாழூரைக் காட்டிற்று. கோணலாக நின்ற ஒரு கல், இன்று நாம் அறிய இயலாத ஒரு வழியை அறிந்திருந்தது.

இத்துறையில் ஆய்வு மேற்கொள்ளும் இளைஞர், கல்வெட்டு நூல்களோடு வருவாய்த்துறையின் பேச்சிராக் ஊர்ப்பட்டியலையும் கையிற் கொள்க. கன்னடமும் தெலுங்கும் ஓரளவேனும் பயில்க. கல்லைப் படிப்பதன் முன்னர் அது நோக்கும் திசையைக் குறித்துக்கொள்க. ஆங்கு விளக்கேற்ற வருவோர் கூறுவதைக் கேட்டு, அவர் சொல்லிலேயே எழுதிக்கொள்க. எண்ணெய் படிந்த எழுத்துகளைப் பின்னரும் துலக்கிப் படிக்கலாம். அவ்விளக்கு அணைந்தபின் கேட்பதற்கு ஒருவரும் இரார்.